137-ஆம் சீசா ஒதுங்கிய இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனையிலிருந்து வரவில்லை. போன வாரம் ஆபீஸில் நான் டைப் அடித்த ஒரு அட்டவணையிலிருந்து வந்தது. மொத்தம் ஏழு வரி. ஏழாவது வரியை அடித்து முடித்ததும் கை ஓடவில்லை. அந்த ஏழு வரியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே என்னைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அதற்கு முன்னால் மற்றவர்களை எல்லாம் ஒரு சுற்றுச் சந்தேகித்து முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

என் பெயரும் இப்போதைக்கு வேண்டாம். மாதுங்காவில் ஒரே அறையில் அம்மாவும் நானும் இருக்கிறோம். கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஐந்து வருஷமாகத் தற்காலிகம். வருகிற மார்ச்சில், அதாவது 1949 மார்ச்சில், நிரந்தரமாகப் போகிறவர்கள் பட்டியலில் நான் இருக்கிறேன். இதை மறந்துவிடாதீர்கள். கதையில் இதற்கு வேலை இருக்கிறது.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "1944 ஆகஸ்டில் ஒரு காலை, அலைகள் ஆர்ப்பரிக்க, வேலுச்சாமி தன் கையிலிருந்த சீசாவைக் கடலை நோக்கி" – இதோடு விட்டுவிட்டேன். அலை ஆர்ப்பரித்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த லாஞ்சில் போகவில்லை. போனதாகக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

இரண்டாவது: "வேலுச்சாமி நேர்மையானவன்." முதல் வரியிலேயே ஒருவனை நேர்மையானவன் என்று எழுதினால் வாசகர் அவன் சட்டைப் பையைத்தான் பார்ப்பார். நானும் பார்த்தேன்.

மூன்றாவது: "கடல் வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாற்றிக்கொள்கிறது." இது எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட்டில் இருந்த வாக்கியம். அழகாக இல்லை, ஆனால் யாரும் இதை மறுத்ததில்லை. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

பம்பாய்க்கு மேற்கே கடல் சட்டென்று ஆழமாகிவிடாது. நூறு மைலுக்கு மேல் ஒரு மேடை போல அடித்தரை நீண்டுகொண்டே போகும். அந்த மேடையின் மேல் ஓடும் நீர் மழைக்காலத்தில் தெற்கே போகிறது. கார்த்திகை வாக்கில் வடக்கே திரும்பிவிடுகிறது. மழை ஓயப்போகிற சமயத்தில் ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த நீர் மெல்ல மேடை ஏறிக் கரைப் பக்கம் வரும். இதையெல்லாம் அளப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. யுத்த காலத்தில் இதற்கு ஒரு அவசரம் இருந்தது. கடலில் போட்ட கண்ணிவெடி ஒன்று அறுத்துக்கொண்டால் எந்தப் பக்கம் மிதந்து போகும் என்று கடற்படைக்குத் தெரிந்தாக வேண்டும்.

அளக்கிற விதம் எளிது. இருநூறு பீர் சீசாக்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மணல், எண் போட்ட ஒரு கார்டு. தக்கை வைத்து அரக்கு ஊற்றி, கழுத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம். லாஞ்ச் என்கிற ஆபீஸ் மோட்டார்ப் படகில் பன்னிரண்டு மைல் போய் அத்தனையையும் கடலில் போட்டுவிட வேண்டும். எங்காவது கரை ஒதுங்கும். எடுத்தவர் இடத்தையும் தேதியையும் கார்டில் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். இந்த வேண்டுகோள் கார்டில் இங்கிலீஷ், மராத்தி, குஜராத்தி, உருது என்று நாலு பாஷையில் அச்சாகியிருந்தது. (தமிழில் இல்லை. நினைவில் வையுங்கள்.)

சீசா போட்டவன் வேலுச்சாமி. லாஞ்சில் கயிறு கட்டுவது, நங்கூரம் இறக்குவது மாதிரி வேலைகளைப் பார்த்த கலாசி. தாராவியில் குடியிருந்தான். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். பேச்சு குறைவு. பேச்சு குறைந்தவர்கள் மேல் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த வெள்ளைக்காரத் துரை எதிர்பார்த்தபடி கார்டுகள் தெற்கிலிருந்து வந்தன. அலிபாக், முரூட், ரத்னகிரி. முப்பத்தோரு கார்டு வந்த பிறகு, முப்பத்திரண்டாவது தாராவியிலிருந்து வந்தது.

4

எண் 137. எழுத்து தமிழ். எங்கள் ஹெட் கிளார்க் அனந்தகிருஷ்ணன் மாமா அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு என் மேஜையில் போட்டார். மாமா பாலக்காட்டுக்காரர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது.

"யாரோ நம்மவா எழுதியிருக்கா போலிருக்கு. என்னன்னு பாத்து டைப் அடிச்சுடு."

பார்த்தேன். மூன்றாம் வகுப்பு வரை போன கையெழுத்து. இடம் தாராவி காடி. (மாஹிமில் கடலோடு சேரும் கழிமுகம்; அந்தப் பக்கத்துக்காரர்கள் வாயில் அது காடி.) தேதி ஆவணி ஒன்பது. எடுத்தவர் வேலுச்சாமி பெண்சாதி இசக்கியம்மாள். இவை போக இன்னும் இரண்டு வரி இருந்தது.

நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் நாலு கட்டம். எண், இடம், தேதி, எடுத்தவர் பெயர். நாலையும் அடித்தேன். மீதி இரண்டு வரிக்குக் கட்டம் இல்லை. அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

(அந்த இரண்டு வரியை இங்கேயே எழுதியிருக்கலாம். எழுதினால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஏழாம் பகுதியில் தருகிறேன்.)

மாமா நாலு கட்டத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சீசா போட்டவன் வேலுச்சாமி. சீசாவை எடுத்தவள் வேலுச்சாமி பெண்சாதி. கடல் தெற்கே ஓடுகிற மாதத்தில் வடகிழக்கே தாராவிக்கு ஒரு சீசா வருகிறது, அதுவும் சொந்த வீட்டுக்கு.

"இது சமுத்திரம் வழியா வரலை, கேட்டியோ. டிராம்ல வந்திருக்கு," என்றார்.

5

சீசா அந்த வருஷம் சாதாரணப் பொருள் அல்ல. யுத்தத்தில் கண்ணாடிச் சாமானே கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க் கியூவில் சீசா இல்லாமல் போனால் எண்ணெய் இல்லை. ஆகவே ஒரு ஏழைக் கலாசி இருநூறு சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று மாமாவுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது. உங்களுக்கும் மூன்றாம் பகுதியிலேயே தோன்றியிருக்கும்.

பெண்களிடம் பேச ஆள் வேண்டும் என்று மாமா என்னையும் தாராவிக்குக் கூட்டிப்போனார். வேலுச்சாமி குடியிருந்த வரிசையில் ஐந்து குடிசைகளில் கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட சீசாக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய். முதல் குடிசையில் ஆறுமுகத்தாய் என்ற ஒருத்தி சீசாவைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது எங்கே கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"கெடைக்கல. துட்டு குடுத்து வாங்குனது."

"யார்கிட்டே?"

"பாட்லிவாலாட்ட. அவன் பேரு என்னன்னு நா கண்டனா?"

ஐந்து குடிசைகளிலும் இதே பதில். பழைய சீசா வாங்கி விற்கிற ஒரு பாட்லிவாலா, அவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரே பதிலை ஐந்து பேர் சொன்னால் அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. எது பொய் என்பதில்தான் தவறிவிட்டேன். வேலுச்சாமி விற்றதை மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது மாமா சொன்னார். "பாத்தியோ? சமுத்திரத்துல போடச் சொன்னா, பஜார்ல போட்டிருக்கான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். இருக்கட்டும்.

6

விசாரணை துரையின் அறையில் நடந்தது. வேலுச்சாமி சொன்னதை நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். அதைச் சரியாகவே சொன்னேன்.

"பன்னெண்டு மைல்லதான் போட்டேன் சாப். அங்கன கடல்ல ஒரு கோடு கணக்கா நொரை ஓடுச்சு. அந்தப் பக்கம் கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கு. இந்தப் பக்கம் ஜில்லுன்னு இருக்கு. போட்ட சீசாவுல பாதி தெக்க போச்சு. பாதி போவல. நின்னு வட்டம் போட்டுச்சு."

"சீசா நின்னு சுத்தித்தாம். பம்பரமாக்கும்?" என்றார் மாமா. துரையும் லேசாகச் சிரித்தார்.

லாஞ்சை ஓட்டிய சாரங், தான் முன்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பின்னால் நடந்தது தெரியாது என்று சொல்லிவிட்டார். வேலுச்சாமியை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். அவன் பணிச்சீட்டில் 'சர்க்கார் பொருளைக் களவாடியவன்' என்று ஒரு குறிப்பு ஏறியது. அதை டைப் அடித்ததும் நான்தான். 137 அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. அச்சான வரைபடத்தில் பம்பாய்க்கு எதிரே நேராகத் தெற்கு நோக்கி ஒரே ஒரு அம்புக்குறி.

இங்கே மாமாவை வில்லனாக்கிவிடலாம். அதற்கு வழி இருக்கிறது. சீசா போடும்போது லாஞ்சில் ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாளில் இருக்கும் கையெழுத்து மாமாவுடையது. ஆனால் அன்று பதினோரு மணிக்கு அவர் ஆபீஸில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

(மேலே உள்ள வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அது அன்றா, அதற்கு முந்தின நாளா என்று எனக்கு நிச்சயமில்லை. அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். என்னைவிட மோசமான ஒருவர் கதையில் இருந்தால் எனக்குச் சௌகரியம். அதனாலேயே இந்த ஞாபகத்தை நான் நம்பவில்லை.)

இன்னொரு தொல்லை. கடலில் வீசியவன் வீட்டுக்கே சீசா திரும்பி வந்தது என்று ஒரு கதை எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியர் போடுவார்? தற்செயலுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று திருப்பி அனுப்பிவிடுவார். துரை அப்படித்தான் திருப்பி அனுப்பினார். நானும் நாலரை வருஷம் நல்ல வாசகியாக இருந்து அதை நம்பாமலே இருந்தேன்.

7

இப்போது அந்த ஏழு வரி.

துரை சீமைக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது ஒரு வங்காளத்து அதிகாரி. போன ஆகஸ்டில் அதே இடத்தில், அதே விதமாக இருநூறு சீசா போட்டார்கள். இந்தத் தடவை அதிகாரியே லாஞ்சில் போய் நின்றார். தெற்கிலிருந்து கார்டுகள் வந்தன. அவை போக மாஹிம், பாந்த்ரா, ஜுஹு, வெர்சோவா என்று பக்கத்துக் கரைகளிலிருந்து ஏழு வந்தன. தெற்கே ஓடும் நீர் அந்த இடத்தில் ஒரு பக்கமாகக் கழன்று, சுழன்று, கரைப் பக்கம் திரும்பிவிடுகிறதாம். கழன்ற இடத்தில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமாம். நடுவே நுரை கோடு போடுமாம். ரிப்போர்ட்டில் இதை நான் டைப் அடித்தேன். வேலுச்சாமி சொன்னதை இரண்டாம் முறையாக இங்கிலீஷில் சொல்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. புது வரைபடத்தில் அம்புக்குறியின் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். 137 என்னிடம்தான் இருக்கிறது. யுத்தம் முடிந்து பழைய பைல்களைக் கிழித்தபோது அதை எடுத்து ஒளித்துவைத்தேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வரி இது:

"இதுமாதிரி இன்னும் நெறைய சீசா சேத்துல கெடந்துது. ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போயிட்டாவ."

நான்காம் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்று எழுதினேன். துரை கேட்டார். விசாரணையில் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலுச்சாமி எதிரில் நிற்க, "இதில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். "ஒன்றுமில்லை," என்றேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. உண்டு என்று சொன்னால், ஏன் டைப் அடிக்கவில்லை என்ற கேள்வி வரும். தவிர, அது புருஷனைக் காப்பாற்ற ஒருத்தி எழுதிய பொய் என்றும் நினைத்தேன். இரண்டில் எந்தக் காரணம் முதலில் வந்தது என்று கேட்காதீர்கள். பயம்தான் முதலில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். வேலுச்சாமி தோல் கிடங்கில் இருந்தான். பணிச்சீட்டில் அந்தக் குறிப்போடு எந்தப் படகிலும் சேர்க்கவில்லை. நாலரை வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் மிதிக்கிறான். கால் விரல்கள் வெந்து போயிருக்கின்றன என்று இசக்கியம்மாள் சொன்னாள். என்னை உட்காரச் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை.

"அன்னைக்கு அஞ்சு பேரும் ஏன் பாட்லிவாலான்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன சொல்லுவாவ? அந்த வருசம் சித்திரையில தொறைமொகத்துல கப்பல் வெடிச்சுதுல்லா. செதறுன சாமான எடுத்தவன் வீட்டுக்கெல்லாம் போலீசு வந்தான். தண்ணியில கெடந்துச்சின்னு சொன்னா உள்ள வச்சிருவான். துட்டு குடுத்து வாங்குனதுன்னு சொன்னா போயிருவான். ஒங்களையும் அந்த ஆளுவன்னு நெனச்சிட்டாவ. எங்க வீட்டுக்காரவுகளும் மத்தவுக மாட்டிக்கிடக் கூடாதுன்னு அத அங்க சொல்லல."

"நீ மட்டும் ஏன் கார்டை அனுப்பினே?"

"மத்தவளுவளுக்கு அது என்ன தாளுன்னு தெரியாதும்மா. சீசாவ வச்சிக்கிட்டுத் தாளக் கிழிச்சி அடுப்புல போட்டாளுவ. எங்க வீட்டுக்காரவுக சொல்லியிருக்காவ, ஒரு கார்டு திரும்பி வந்தா சாப் ரொம்ப சந்தோசப்படுவாருன்னு. அதான் நா எழுதிப் போட்டேன். அவியளுக்கு நல்ல பேரு கெடைக்கும்னு."

இப்போது தற்செயல் என்று ஒன்றும் இல்லை, பாருங்கள். காடிக்கு எத்தனையோ சீசா வந்தது. கார்டு என்றால் என்ன என்று தெரிந்த வீடு அங்கே ஒன்றே ஒன்று. அந்த வீட்டிலிருந்துதான் கார்டு வரும். நான் குற்றத்துக்குச் சாட்சி என்று எண்ணிய ஐந்து சீசாவும் சுழலுக்குச் சாட்சி. யாருக்குமே தெரியாத அந்தச் சுழலை 1944-லேயே இசக்கியம்மாள் இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துரை கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட –

அவள் என் கைப்பையைப் பார்த்தாள்.

"நா எழுதுனத நீங்க படிச்சிய."

"படிச்சேன்."

"படிச்சிட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னிய."

"ஆமாம். இதைக் கதையா எழுதலாம்னு இருக்கேன் இசக்கியம்மா. எல்லாருக்கும் தெரியட்டும்னு."

"கதையெல்லாம் என்னத்துக்கும்மா? ஒங்க ஆபீஸ்ல கலாசி ரெண்டு பேரு எடுக்காவளாம். இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிப் போடணுமாம். சீட்டுல அந்த எழுத்து இருந்தா எடுக்க மாட்டாவளாம். நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அது போதும்."

8

இன்று தேதி ஜனவரி இருபத்தெட்டு. முடிவுகள் என்று சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கடிதம் போகிறது. அதிகாரி கார்டைப் பார்த்துக் குறிப்பை அடித்துவிடுகிறார். வேலுச்சாமி மறுபடி லாஞ்சில் நிற்கிறான். என்னையும் மன்னித்துவிடுகிறார்கள். (கடைசி வாக்கியத்தை நான் சேர்த்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.)

இரண்டு: கடிதம் போகவில்லை. ஆனால் அதிகாரி தானாகவே பழைய விசாரணையைத் தோண்டிப் பார்த்து – இதை முடிக்கவில்லை. வேலை என் தலையில் விழாதபடி நான் கட்டுகிற முடிவு இது.

மூன்றாவது நடந்தே விட்டது. நேற்று மாமாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ எதுக்கு இப்போ இதையெல்லாம் கிளறறே? விசாரணையில பொய் சொன்னேன், சர்க்கார் காயிதத்தை ஆத்துக்கு எடுத்துண்டு போனேன்னு நீயே எழுதிக் குடுத்தா, உன்னை நிரந்தரம் பண்ணுவாளா, வெளியில அனுப்புவாளா? உங்கம்மாவை நெனச்சுப் பாத்தியோ?"

"அவனுக்குக் கால் வெந்து போயிருக்கு மாமா."

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். பிறகு குரலை இறக்கி, "லாஞ்ச் தாள்ல என் கையெழுத்து இருக்கறதையும் எழுதப்போறயோ?" என்று கேட்டார்.

நான் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஆறாம் பகுதியில் அடித்த வாக்கியத்தை இனி நீங்கள் அடிக்காமலே படிக்கலாம். ஆனால் அதனால் என் பங்கு குறையவில்லை.

கடிதம் எழுதிவிட்டேன். ஒரு பக்கம். கார்டைக் குண்டூசியால் அதோடு சேர்த்திருக்கிறேன். மேஜையில் இந்தக் கதைத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடவில்லை.

கதையைப் பத்திரிகைக்கு அனுப்புவேன், அது நிச்சயம். என் மேல் எனக்கு உள்ள சந்தேகமும் அதுதான். கதையை எழுதியதே கடிதத்தை எழுதியதாக மனசு கணக்குத் தீர்த்துவிடும். அதனால் உங்கள் கையில் ஒரு சோதனையைக் கொடுக்கிறேன். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் ஆபீஸ் விஷயத்தைச் சொந்தப் பெயரில் அச்சில் எழுதக்கூடாது. எழுதினால் வேலை போய்விடும். ஆகையால் இந்தக் கதைக்கு மேலே என் சொந்தப் பெயர் இருந்தால், கடிதம் போய்விட்டது, எனக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். ஏதாவது பூவின் பெயரோ நதியின் பெயரோ புனைபெயராக இருந்தால், நான் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து நாலு கட்டம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பெயரே இல்லையென்றால் –

தலைப்புக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு நீங்கள் தாராவிக்குப் போய் இசக்கியம்மாளிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.